இணைப்பு இல்லாதபோது வரும் பெயர்

சிங்கப்பூரின் தெம்பனிஸ் வட்டாரத்து அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் ஓர் அம்மாவின் லேப்டாப் மட்டும் அடிக்கடி நெட்வொர்க்கிலிருந்து விலகிவிடும். கணினிப் பழுது பார்க்கும் என்னைத்தான் சரிசெய்ய அனுப்புவார்கள். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஏர்கான் குளிருக்குச் சாம்பல் நிற ஸ்வெட்டர், கயிறு கட்டிய கண்ணாடி.

ஒருநாள் காலை சீக்கிரமே போனேன். அவரே வைஃபையை அணைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். திரையில் வேறொரு பெண்ணின் பெயர் வந்தது.

"யாருக்கா இது?"

"பக்கத்து சீட்ல இருந்தவ, தம்பி. தவறிட்டா. இது அவ லேப்டாப். லைன் இல்லன்னா இன்னும் அவ பேருதான் வருது லா. அதப் பாத்துட்டுத்தான் வேலைய ஆரம்பிப்பேன்."

இப்படித் தினமும் இணைப்பில்லாமல் திறப்பதால்தான் அது விலகிவிடுகிறது, லேப்டாப்பில் இருப்பதையெல்லாம் அழித்து, புதிதாக நெட்வொர்க்கில் சேர்த்தால்தான் கோளாறு தீரும், அந்தப் பெயர் இனி வராது என்றேன்.

"பாஸ் தினமும் ஏசுறாரு. அழிச்சிடுங்க," என்றார். பிறகு என் பக்கம் குனிந்து, "நாம அழிக்கிறது அவளுக்குத் தெரியாதுல்ல?" என்று கேட்டார்.

"தெரியாதுக்கா," என்றேன்.

பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. நான் ஏன் அதைக் குரல் தாழ்த்திச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.