சதுரம் விழுந்த இடம்

தாவரவியல் படித்து முடித்ததும், தொழிற்சாலைகளுக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை எழுதித் தரும் ஒரு சிறு நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். முதல் நாள் களப்பயிற்சி எங்கள் ஊரான முகத்துவாரக்குப்பத்துக்குப் பக்கத்துக் கழிமுகத்தில். பிளாஸ்டிக் குழாயில் செய்த ஒரு மீட்டர் சதுரத்தைத் தரையில் வைத்து, அதற்குள் என்னென்ன செடி, எவ்வளவு இடத்தை மூடியிருக்கிறது என்று எழுத வேண்டும். எங்கே வைப்பது என்பது நம் இஷ்டமில்லை. குலுக்கலில் வரும் எண்தான் இடத்தைச் சொல்லும். காலையில் எங்கள் குழுத் தலைவர்தான் இதைப் பாடமாக எடுத்தார்.

என் எண் உமரிச் செடிகள் அடர்ந்த இடத்தைக் காட்டியது. வைத்தேன். அவர் சதுரத்தைக் காலால் தள்ளி, அனல்மின் நிலையம் கொட்டிய சாம்பல் மேட்டில் நிறுத்தினார்.

“நம்பர் அங்கதான சார் வந்துச்சு? இன்னாத்துக்கு மாத்துறீங்க?” வீட்டுப் பேச்சு வாயில் வந்துவிட்டது.

“இன்னாத்துக்கா?” என்று அவர் இழுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். “உங்க ஏரியால சாம்பலைத் தவிர இன்னாம்மா கீது?”

மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் அழவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அளவு நாடாவின் ஒரு முனையை, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற அப்பாவிடம் கொடுத்துவிட்டு, மறுமுனையோடு சேற்றில் நடப்பேன். நாடா போகும் வழியில் எந்தச் செடி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதுவேன். அடும்பு, உமரி, கண்டல். ஒவ்வொன்றையும் அந்த மனிதரின் முகத்தை நினைத்துக்கொண்டேதான் கற்றேன்.

சில வருடங்களில், இத்தகைய அறிக்கைகளைச் சரிபார்க்கும் குழுவில் எனக்கு வேலை கிடைத்தது. ஒருநாள் அவர் கையெழுத்திட்ட அறிக்கை வந்தது. அதே கழிமுகம், ‘குறிப்பிடத்தக்க தாவரங்கள் இல்லை.’ வேறு ஆளிடம் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. மறுகணக்கெடுப்புக்கு அவரே நேரில் வர வேண்டும் என்று எழுதினேன்.

சித்திரை வெயில். நான் கரையில் நின்று எண்களை வாசித்தேன். அவர் சதுரத்தைத் தூக்கிக்கொண்டு தொடையளவு சேற்றில் இறங்கி, கண்டல் கன்றுகளை எண்ணிச் சொன்னார்.

“தெரிஞ்சவங்கதானே நாம, கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க மேடம்.”

“அடுத்த நம்பர் இன்னும் உள்ள கீது சார். போங்க.”

அறிக்கை தள்ளுபடியானது. நிறுவனம் அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டது. வீட்டில் சொன்னபோது அப்பா சோற்றைப் பிசைந்தபடி, “பாவம், அவனுக்கும் புள்ளகுட்டி கீதில்ல?” என்றார்.

“இருக்கட்டும் நைனா,” என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு மீனை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அன்று எனக்கு நல்ல பசி.