2316-ஆம் பால்பல்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. ஊருக்கு அவள் பல்லக்கா. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்த பெயர் அது, வைத்தால் அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டுவிடும். விழுந்த பால்பற்களை வாங்கி வைப்பதுதான் அவள் உத்தியோகம்.

கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் சிரிக்கிற வேலையில்லை. ஊருக்கு வெளியே ஓர் அணு உலை இருக்கிறது. அதனால் குழந்தைகளின் எலும்பில் கதிரியக்கப் பொருள் ஏதும் சேர்கிறதா என்று பார்க்க ஓர் ஆராய்ச்சி நிலையம். எலும்பைக் கொடு என்று எந்தப் பிள்ளையிடமும் கேட்க முடியாது, தானாக விழுந்த பல்லைக் கேட்கலாம். அதைப் பொடித்து இயந்திரத்தில் வைத்தால் விவரம் தெரிந்துவிடும். பல்தான் மிஞ்சாது. வருகிற பற்களில் பாதியைப் பொடிப்பார்கள், மீதியைச் சின்னச் சின்னக் குப்பிகளில் போட்டு இருப்பு அறையில் வைப்பார்கள்.

குப்பியின்மேல் எண் மட்டும்தான் இருக்கும். எந்த எண் எந்தப் பிள்ளை என்று எழுதிய நோட்டு பல்லக்காவின் பீரோவில், சாவி அவள் இடுப்பில். அளக்கிறவர்களுக்குப் பெயர் தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும் என்பதால் இந்த ஏற்பாடு. பதினேழு வருஷத்தில் ஒரு பெயரையும் ஓர் எண்ணையும் அவள் வாய் சேர்த்துச் சொன்னதில்லை.

2316 அவள் மகனுடையது. ஆறு வயதில் விழுந்த முன்பல். கழுவித் துடைத்து உறையில் போட்டு அவளே பதிந்தாள். ஒன்பது வயதில் அவனுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. மூன்றே நாள். கதிர்வீச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர் சொன்னார், அவளும் நம்பினாள். நம்பி என்ன, பிள்ளை வரவா போகிறான். அது நடந்து பதினொரு வருஷம். தினமும் காலையில் அவள் அந்த அறையைத் திறக்கிறாள். நான்காவது அலமாரி, இரண்டாவது இழுப்பறை. அதைத் தூசி தட்டும்போது மட்டும் கை கொஞ்சம் மெதுவாகப் போகும்.

இந்த வருஷம் புது இயந்திரம் வந்தது. பழசைவிடப் பத்து மடங்கு நுணுக்கம். இருப்பு முழுவதையும் ஒரே மூச்சில் பொடித்து அளந்துவிடலாம் என்று அறிவியல் ஆலோசனைக் குழுவின் வருடாந்திர ஆய்வில் வைக்க ஒரு தீர்மானம் தயாரானது. அது தெரிந்த அன்று சாயங்காலம் பல்லக்கா புருஷனிடம் சொன்னாள். அவர் பேருந்து ஓட்டுகிறவர், எதையும் சுற்றிவளைக்காமல் நேர்வழியில் போகிற ஆள்.

"வெண்ணெயக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையிறியே. சாவி உங்கிட்டதானே இருக்கு? நம்ம புள்ள பல்லு. எடுத்துட்டு வந்துடு."

"வேலியே பயிர மேயலாமாங்க?"

ஒருமுறை கொட்டுகிற மழையில் ஒரு தாய் நிலையத்துக்கு வந்தது அவருக்குத் தெரியும். பிள்ளையைப் பறிகொடுத்தவள், பல்லையாவது கொடுங்கள் என்று கேட்டாள். கொடுத்த பல்லைத் திருப்பித்தர விதியில்லை என்று பல்லக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி அனுப்பினாள். அன்று இரவுச் சாப்பாடு இருவருக்கும் இறங்கவில்லை. அவளுக்கு இல்லாதது தனக்கு மட்டும் எப்படி என்பதுதான் பல்லக்காவின் கணக்கு.

குழுவில் ஏழு பேர், எல்லாரும் வெளியூர் நிபுணர்கள். மூன்று நாள் உட்கார்ந்து, பல்லை அளக்கிறவர்களையெல்லாம் எதிரே உட்காரவைத்து அந்த வருஷத்து ஆராய்ச்சியைக் குடைந்து குடைந்து கேள்வி கேட்டு, இனி என்ன செய்யலாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். பல்லக்காவுக்குக் கதவோரம் ஒரு நாற்காலி. கேட்ட பதிவேட்டை எடுத்து நீட்ட வேண்டும். இத்தனை வருஷக் கூட்டங்களில் அவள் பேசியது "இதோ ஐயா" மட்டும்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் தீர்மானம் வந்தது. யாரும் மறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, வேறு யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று தலைவர் கேட்டார். வருஷாவருஷம் கேட்பார், யாரும் வாய் திறக்க மாட்டார்கள், கூட்டம் கலையும். அவர் கண்ணாடியை மாட்டியபோது கதவோரம் பல்லக்கா எழுந்து நின்றிருந்தாள். நிலையத்து இயக்குநருக்கு முகம் வெளிறிவிட்டது.

பொடிக்கும் முன்னால் பெற்றவர்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றாள். பொடித்துவிட்டால் அப்புறம் யார் வந்து கேட்டாலும் கொடுக்க ஒன்றும் இருக்காது என்றாள். தலைவர் புள்ளிவிவரக்காரர், அவருக்கு எண்ணிக்கைதான் கவலை. நிறையப் பேர் திருப்பிக் கேட்டால் ஆராய்ச்சி நொண்டியடிக்குமே, எத்தனை பேர் கேட்பார்கள் என்று விசாரித்தார்.

"ரொம்பப் பேரு கேக்க மாட்டாங்க ஐயா. ஒருத்தி கட்டாயம் கேப்பா."

"யாரு?"

"நான்தான். எம் பையன் இப்ப இல்ல. 2316."

சொன்ன பிறகுதான் என்ன செய்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. அளக்கிறவர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்த இடத்தில் எண்ணையும் ஆளையும் சேர்த்துப் போட்டு உடைத்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

தலைவர் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

"அந்த எண்ண யாரும் எழுதிக்க வேண்டாம்," என்றார். "நாமளும் கேக்கல."

தீர்மானத்தில் ஒரு வரி சேர்ந்தது. இருப்பில் பல் உள்ள வீடுகளுக்கெல்லாம் கடிதம் போக வேண்டும். மூன்று மாத அவகாசம். வேண்டுமென்றவர்களுக்குப் பல்லைத் திருப்பித் தந்துவிட்டு மீதியைத்தான் பொடிக்கலாம். வாசலில் இயக்குநர் அவளைப் பிடித்து, ஊமை ஊரைக் கெடுக்கும் என்பது சரிதான் என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

கடிதங்களைப் பல்லக்காவே எழுதி ஒட்டினாள். மழையில் வந்த தாய்க்கு முதல் கடிதம். தன் வீட்டுக்கும் ஒன்று, தபால்தலை ஒட்டி. தபால்காரர் கொண்டுவந்து நீட்டியபோது புருஷன் சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் பிரித்தார், படித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. கூட வந்த படிவத்தில் 'திருப்பித் தரவும்' என்ற கட்டத்தில் அழுத்தி டிக் போட்டு அவளிடம் கொடுத்தார்.

"இந்தா, கொண்டுபோய் உங்கிட்டயே குடு."

மறுநாள் படிவத்தை வாங்கியவளும் அவள்தான், தேதி முத்திரை குத்தியவளும் அவள்தான். நான்காவது அலமாரியைத் திறந்து குப்பியை எடுத்தாள். அவள் நினைத்திருந்ததைவிடப் பல் சின்னது. அரிசி அளவு. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அழுதாள், கதவைச் சாத்தவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டவர் விவரத்தை நிரப்ப உட்கார்ந்தாள். பெயர், முகவரி, தேதி எல்லாம் மளமளவென்று ஓடின. 'குழந்தைக்கு என்ன உறவு' என்ற கட்டத்தில் பேனா நின்றது. படிவத்தைத் தயார் செய்தவளே அவள்தான், ஆனாலும் நின்றது. பதினொரு வருஷமாக எந்தப் படிவமும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

'அம்மா' என்று எழுதினாள்.