ரதெல்ல வளைவில் தின்ற உருண்டை

சைக்கிள் ரேஸ் என்றால் இசபெல்லுக்குப் பைத்தியம். பார்த்துக் கைதட்டிவிட்டுப் போகிற பைத்தியமில்லை. எவன் எந்த ஏற்றத்தில் மூச்சு வாங்குவான், எவன் எந்த வளைவில் பயந்து பிரேக்கைப் பிடிப்பான் என்று அச்சொட்டாகச் சொல்லுகிற பைத்தியம். அவளுக்குச் சைக்கிளில் ஏறவே தெரியாது என்பது வேறு கதை. லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிள்ளை மடுவத்து ஆயா அவள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் காலையில் கொண்டுவந்து விடுகிற இருபத்தாறு பிள்ளைகளுக்கும் கஞ்சி ஊட்டி, தொட்டில் ஆட்டி, சாயந்தரம் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வயது முப்பத்தேழு ஆகியும் கலியாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "இருபத்தாறு புள்ள பத்தாதாக்கும்?" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே மீராசாஹிப்பின் தேத்தண்ணிக் கடைக்குப் போவாள். ஆம்பிளைகள் கூடுகிற இடத்தில் பொம்பிளைக்கு என்ன வேலை என்று முதலில் முணுமுணுப்பு எழுந்தது. மீராசாஹிப்பே எழுந்து, "தங்கச்சிக்கு ஒரு பிளேண்டி போடு" என்று உள்ளே குரல் கொடுத்த பிறகு அதுவும் அடங்கிவிட்டது. ரேஸ் விஷயத்தில் அவளோடு மல்லுக்கட்டக்கூடியவர் அங்கே ஒருவர்தான்: லொறி டிரைவர் கஸ்பர். அவளோடு ஒரே மாதா கோயிலுக்குப் போகிறவர். நுவரெலியா றோலண்ட்தான் உலகத்திலேயே பெரிய சைக்கிள்காரன் என்று நம்புகிறவர்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம் அந்தக் கடைக்குள் ஒரு சனியன் நுழைந்தது. பத்திரிகை வழியாக நுழைந்தது. பிரான்ஸ் தேசத்துப் பெரிய ரேஸில் மலையுச்சிக்கு முதலாவதாக வந்த ஒருவன், மருந்து பாவித்தானா என்று பார்க்கிற பரிசோதனையில் வேறு எவனுடைய மூத்திரத்தையோ கொடுக்கப் பார்த்துப் பிடிபட்டானாம். கஸ்பர் அதைச் சத்தமாக வாசித்தார். அன்றிலிருந்து அவருக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம்தான்.

"சம்பளத்துக்கு ஓட்டுறவனுங்க எல்லாம் மருந்துதான் இசபெல்லு. பச்சத் தண்ணியக் குடிச்சிட்டு எவனாச்சும் அந்த மலையெல்லாம் மிதிப்பானா?"

"பச்சத் தண்ணியக் குடிச்சிட்டுத்தாண்ணே நம்ம பொம்பளைங்க கூடையோட மலையேறுறாங்க. அவங்களுக்கு எவன் வந்து ஊசி போட்டான்?"

கடை முழுக்கச் சிரித்தது. கஸ்பர் விடவில்லை. "பிடிபட்டவன் ஒருத்தன். பிடிபடாதவன் எத்தன பேரு? அதச் சொல்லு."

 அந்தக் கேள்வி இசபெல்லைக் குடைந்தது. தான் கைதட்டியதெல்லாம் வீணா என்று யோசித்துக்கொண்டே வீடு போனாள்.

ரேஸில் அவளுடைய ஆள் அழகுமுத்து. தோட்டத்துத் தபால்காரன். தினமும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டவுனுக்கு இறங்கி, திரும்ப ஏறி வருவான். அந்தப் பாரச் சைக்கிளை மிதித்து மிதித்தே கால் இரும்பாகிவிட்டது. கொழும்புக் கம்பெனி ஒன்று சம்பளத்துக்கு ஆள் வைத்து ரேஸ் ஓடுகிறது. அந்தக் கம்பெனி ஐயா ஒருவர் அவனைப் பார்த்துவிட்டு, சித்திரை ரேஸில் முதலாவதாக வந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் அவன் தின்பதோ ரொட்டியும் சம்பலும். நெஞ்செலும்பை எண்ணலாம்.

பிள்ளை மடுவத்துக்கு அப்போது திரிபோஷா மா வரும். சோளமும் சோயாவும் அரைத்த சத்துமா. தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்தால் பிள்ளைகள் ஆளுக்கொன்று தின்னும். மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும் என்பது தோட்டத்து டாக்டரையாவின் உத்தரவு. கொட்ட அவளுக்கு மனம் வரவில்லை. மிஞ்சியதைத் தாளில் சுற்றி, தபால் கொண்டுவருகிற அழகுமுத்துவின் கையில் வைத்தாள். அது பெரிய குற்றமில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ரேஸுக்கு முந்திய வாரம் மூன்று நாள் பிள்ளைகள் ஒன்றுவிடாமல் தின்று தீர்த்துவிட்டன. அப்போதுதான் இசபெல் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த மாவிலேயே கைவிட்டாள். மூன்று நாளும் பிள்ளைகளின் உருண்டைகள் கொஞ்சம் சிறுத்தன. அவளுக்கு ராத்தூக்கம் கெட்டது, ஆனாலும் கொடுத்தாள்.

எழுபத்தொன்பதாம் வருஷச் சித்திரை ரேஸ் ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு. ரதெல்ல ஏற்றம்வரை றோலண்ட்தான் முன்னால். அந்த ஏற்றத்து வளைவில் அழகுமுத்து சட்டைப் பைக்குள் கைவிட்டு, மஞ்சளாக எதையோ எடுத்து வாயில் போட்டான். அடுத்த நூறு யார் தூரத்துக்குள் றோலண்டைத் தாண்டிவிட்டான். வளைவில் நின்ற கஸ்பர் அதைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தார். லொறியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

நுவரெலியாவில் அழகுமுத்து முதலாவதாக வந்தான். பஸ்ஸில் முன்கூட்டியே வந்து காத்திருந்த இசபெல் தொண்டை கிழியக் கத்தினாள். அந்தச் சத்தம் அடங்குவதற்குள், "மருந்து உருண்ட தின்னுட்டு ஓட்டினான்! நான் பாத்தேன்!" என்று கஸ்பர் போட்ட போடு கூட்டத்தையே புரட்டிவிட்டது. பரிசோதிக்க அங்கே என்ன இருக்கிறது? ஆளாளுக்குக் கத்தினார்கள். பரிசு நின்றது. கொழும்பு ஐயா அழகுமுத்துவிடம், "மொனவத கேவே?" என்று சிங்களத்தில் கேட்டார். என்னத்தைத் தின்றாய் என்று.

"மா உருண்ட சேர்."

என்ன மா, யார் கொடுத்தது என்று கேட்டதற்கு அவன் வாயைத் திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வாயைத் திறக்காத ஆளைத் தன்னால் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு ஐயா கார்ப் பக்கம் திரும்பினார்.

அவன் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது இசபெல்லுக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் அவள் வேலை போகும், குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். சொல்லாவிட்டால் அவன் பிழைப்புப் போகும். மாதாவே என்று ஒரு தரம் நெஞ்சில் கைவைத்தாள். பிறகு கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அது திரிபோஷா! நான்தான் குடுத்தேன். புள்ள மடுவத்து மா!"

அழகுமுத்துவின் பையில் மிச்சமிருந்த உருண்டையைப் பிடுங்கி, பாதியைத் தன் வாயில் போட்டு, மறுபாதியைக் கஸ்பரிடம் நீட்டினாள். அவர் முகர்ந்து பார்த்தார், கடித்தார், மென்றார். அவர் பேத்திக்கும் கிளினிக்கில் இதே மாதான் கொடுக்கிறார்கள். மனுசனின் முகம் செத்துப்போயிற்று.

"மிஞ்சினதுதானே தங்கச்சி?" என்று தப்பிக்க வழி காட்டினார் கூட்டத்தில் நின்ற மீராசாஹிப்.

"மிஞ்சினதும் குடுத்தேன் மீராசாஹிப் நானா. மூணு நாளு மிஞ்சல. புள்ளைங்க பங்குல கைவச்சேன்."

மீராசாஹிப் தலையில் கைவைத்துக்கொண்டார். விஷயத்தைச் சிங்களத்தில் கேட்டறிந்த கொழும்பு ஐயா முதலில் விழித்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். அழகுமுத்துவுக்குக் கோப்பை கிடைத்தது. அடுத்த மாதமே கொழும்புக்கு வரச் சொல்லிவிட்டார்கள். இசபெல் கஸ்பரின் லொறியில்தான் திரும்பி வந்தாள். லிந்துலைப் பாலம் தாண்டியதும் அவர், "நான் பாத்தது பொய்யில்ல இசபெல்லு. நெனச்சதுதான் தப்பு. மன்னிச்சுக்க" என்றார். அவளுக்குக் கோபம் வரவில்லை. நாளைக்கு என்ன ஆகுமோ என்கிற பயம்தான் வந்தது.

பயந்தபடியே ஆயிற்று. டாக்டரையா காதுக்கு விஷயம் போய், விடியும்போதே மடுவத்துச் சாவியை, தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா வாங்கிக்கொண்டார். விசாரணை முடியும்வரை வேறொருத்தி பார்த்துக்கொள்வாள் என்றார். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்து ஓரத்தில் இசபெல் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பெண்களின் முகத்தைப் பார்க்க வெட்கம்.

வழக்கமாகப் பிள்ளைகளை மடுவத்தில் விட்டுவிட்டு வெறுங்கையாகப் பெரட்டுக்கு வருகிற பெண்கள், அன்றைக்கு இடுப்பில் பிள்ளையும் முதுகில் கூடையுமாக வந்து நின்றார்கள். ஒருத்தியும் மலைக்கு நகரவில்லை. சித்திரைக் கொழுந்து முற்றிக்கொண்டிருக்கிறது, கண்டாக்கையாவுக்கு வேர்த்தது.

"புள்ளைங்க சாப்பாட்டத் திருடினவ கையிலயா புள்ளையக் குடுக்கப் போறீங்க?" என்று கத்தினார்.

இரட்டைப் பிள்ளைக்காரி ராசம்மா முன்னால் வந்தாள். இடுப்பில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

"எங்க புள்ளைங்க பங்குதானுங்களே ஐயா? எடுத்தது தப்புத்தான். அதுக்கு நாங்க அவளக் கேட்டுக்கறோம். ஆனா மூணு நா கதைய அவகிட்ட யாரு கேட்டா? யாரும் கேக்கல. தானா சொன்னா. கேக்காமலே சொல்றவகிட்டத்தான் நான் என் புள்ளைய விடுவேன்."

கண்டாக்கையா மலையைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், டாக்டரையாவிடம் தான் பேசிக்கொள்வதாக முணுமுணுத்தார். சாவியை நீட்டினார். இசபெல் வாங்கக் கை நீட்டுவதற்குள் ராசம்மா இரண்டு பிள்ளைகளையும் அவள் கையில் திணித்துவிட்டாள். கண்ணைத் துடைக்கக் கை ஒழியாமல், அழுதுகொண்டே மடுவத்துப் பக்கம் நடந்தாள் இசபெல்.