அப்பாசாமி கொடுக்க வந்தது

எண்பத்தெட்டாம் வருஷம் அப்பாசாமிக்கு நாற்பது வயது இருக்கும். அடி அண்ணாமலைக்காரர். திருவண்ணாமலை மண்டியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை தூக்கும் வேலை. தங்கை தனத்தைக் கட்டிக்கொடுத்துவிட்டு நாம் செய்துகொள்ளலாம் என்று கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார். கட்டிக்கொடுத்த பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் காய்ச்சல் என்று படுத்து ஊரில் யாரும் பார்த்ததில்லை.

தனத்தின் கணவர் வேணு டவுனில் தையல்காரர். ஒல்லியான உடம்பு, பேச்சும் கம்மி. மழைக்காலம் வந்தால் இருமத் தொடங்கிவிடுவார்.

அந்த வருஷம் தீபத்துக்கு முன்னால் தனத்துக்கு முகமும் காலும் வீங்கின. சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை. அவர்கள் எப்போதும் போகும் டாக்டர் ராமதாஸ் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு உடனே வேலூருக்கு அனுப்பினார். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன, கொஞ்ச காலத்துக்கு மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யலாம், ஆனால் இன்னொருவருடைய சிறுநீரகம் வைத்தால்தான் பிழைப்பாள் என்று அங்கே சொன்னார்கள். சொல்லி முடிப்பதற்குள் அப்பாசாமி என்னுடையதை எடுத்துக்கோங்க என்றார். தனம் வேண்டவே வேண்டாம் என்று அழுதாள். அவர் காதில் வாங்கவில்லை. ரத்த வகையும் ஒத்துப்போனது.

ராமதாஸின் கிளினிக்குக்கு அப்போதுதான் ஸ்கேன் மெஷின் வந்திருந்தது. வேலூரில் மற்ற சோதனைகள் தொடங்குமுன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அப்பாசாமியைக் கூப்பிட்டார். வயிற்றில் கூழ் போன்ற எதையோ தடவியதும் அதன் குளிர்ச்சியில் அவருக்குச் சிரிப்பு வந்தது. டாக்டர் வலது பக்கம் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். புரண்டு படுக்கச் சொன்னார். குப்புறப் படுக்கச் சொல்லி மறுபடியும் பார்த்தார். பிறகு ஒரு துண்டை எடுத்து அவரே துடைத்துவிட்டார்.

"அப்பாசாமி, உங்களுக்கு இருக்கறதே ஒண்ணுதாங்க. பொறக்கும்போதே அப்படி. சில பேருக்கு இருக்கும். அந்த ஒண்ணே பெருசா வளந்து ரெண்டு வேலையும் பாத்துக்கும். பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா குடுக்க முடியாது."

அப்பாசாமி சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு வேலை பாக்குதுன்னா அதுல பாதிய வெட்டிக் குடுக்க முடியாதா சார்?"

ராமதாஸ் சிரிக்கவில்லை. மெஷினை அணைத்துவிட்டு, முடியாதுங்க என்று மெதுவாகச் சொன்னார்.

அன்று அவர் மண்டிக்குப் போகவில்லை. வெயில் தாழும்வரை எங்கெங்கோ நடந்துவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போனார். இன்னும் சோதனை பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிடுவதாகத்தான் நினைத்திருந்தார். ஆனால் தனம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னா ஆச்சு என்று கேட்டதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவர் தலை குனிந்தே இருந்தது. ஏமாற்றிவிட்டது போல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

தனம் சுவரைப் பிடித்து எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வீங்கிய கையால் அவர் முதுகைத் தடவினாள்.

"இருந்ததே ஒண்ணே ஒண்ணு. அதையாண்ணா எனக்குக் குடுக்க வந்த?"

அதற்குப் பிறகு அவள் பேசியதெல்லாம் அவரைப் பற்றித்தான். இனி மூட்டை தூக்கக் கூடாது, முதுகில் அடி படக் கூடாது, தண்ணீர் ஜாஸ்தி குடிக்க வேண்டும். நோயாளி யார் என்றே தெரியாதபடி அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

வேணு வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அதுவரை அவரை யாரும் கேட்டிருக்கவில்லை. இருமல்காரரை என்ன கேட்பது என்று விட்டுவிட்டார்கள். அடுத்த தடவை தனத்தை வேலூருக்குக் கூட்டிப்போனபோது அவர் யாரிடமும் சொல்லாமல் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். அதுவும் ஒத்துப்போனது. ரத்த உறவு இல்லையே என்று அங்குள்ள டாக்டர்கள் முதலில் தயங்கினார்கள். பல சோதனைகள் செய்தபின் சம்மதித்தார்கள். செய்தி தெரிந்ததும் அப்பாசாமி, "மாப்ளே, நல்லா யோசிச்சியா?" என்றுதான் கேட்டார். வேணு தலையை ஆட்டினார். அப்பாசாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

அடுத்த கோடையில் ஆபரேஷன் நடந்தது. அப்பாசாமி வேலூரிலேயே அறை எடுத்துத் தங்கி, உப்பில்லாமல் சமைத்து இரண்டு பேருக்கும் கொண்டுபோனார். முதல் நாள் சாம்பாரை வாயில் வைக்க முடியவில்லை என்று வேணு சொன்னார். தனம் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். அவள் முகத்தின் வீக்கம் வடிந்து பழைய முகம் திரும்பிவந்தது.

ஊர் திரும்பிய பிறகு ராமதாஸ் மூன்று பேரையும் வரவழைத்து ஸ்கேன் பார்த்தார். தனத்தை முதலில் படுக்கச் சொன்னதற்கு, அண்ணனுக்கு முதலில் பாருங்கள் என்றாள். எல்லாம் நன்றாக இருந்தது. அப்பாசாமி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "இப்ப எங்க மூணு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு வேலை செய்யுது சார்" என்றார். இந்தத் தடவை ராமதாஸ் சிரித்துவிட்டார்.

அப்பாசாமி தங்கை சொன்னபடி மூட்டையை விட்டுவிட்டு மண்டியிலேயே எடை போடும் வேலைக்கு மாறினார். கொஞ்ச நாளைக்குத் தையல் மெஷினை மிதிக்கக் கூடாது என்று வேணுவுக்குச் சொல்லியிருந்தார்கள். அதனால் மண்டி முடிந்ததும் அப்பாசாமி தையல் கடைக்கு வந்து எதிரில் உட்கார்ந்து சக்கரத்தைக் கையால் சுற்றுவார். வேணு துணியை நகர்த்துவார். மெதுவா சுத்து மச்சான் என்று அவ்வப்போது சொல்வார். தையல் கோணிக்கொண்டுதான் போனது. வாடிக்கையாளர்கள் ஒன்றும் சொல்லவில்லை.