தலைப்புக் கட்டம் காலி

1. விதி

பதிவின் விவரங்களை நிரப்பும் க்யூ ஷீட்டில் தலைப்புக் கட்டம் காலியாக இருந்தால் அந்த ஒலிப்பதிவு ‘டெஸ்ட்’ ஃபோல்டருக்குப் போகும். டெஸ்ட் ஃபோல்டர் ஒவ்வொரு மாதமும் முதல் வேலை நாளில் காலி செய்யப்படும். இந்த விதியை எழுதியவன் நான்.

நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியின் சமுதாய வானொலியில் நிகழ்ச்சிப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். நான் சேர்ந்தபோது ஹார்ட் டிஸ்க்கில் ‘புதுசு’, ‘புதுசு 2’, ‘ஃபைனல்’, ‘உண்மையான ஃபைனல்’ என்று நூற்றுக்கணக்கில் கிடந்தன. விதி வந்த பிறகு எதையும் அரை நிமிடத்தில் எடுக்கலாம். ஸ்டுடியோ வேலைக்கு வருகிற இளையவர்களுக்காக, எடுக்க முடியாமல் போன ஒரு பதிவைப் பற்றி எழுதுகிறேன்.

2. பதிவு

ஓய்வுக்குச் சில மாதங்கள் முன்பு இரண்டு கிதார்க்காரர்கள் வந்தார்கள். ஜோயல் திருநகரில் கிதார் வகுப்பு எடுப்பவர். செல்வம் எழுமலைக்காரர், கல்யாண மெல்லிசைக் குழுவில் வாசிப்பவர். சவுண்ட் இன்ஜினியர் லீவு. கன்சோலில் நானே உட்கார்ந்தேன். மைக்கில் இரைச்சல் வரும் என்பதால் செல்போன்களை வாங்கி வெளியே வைத்தேன். அதுவும் என் விதிதான்.

“என்ன பாட்டு தம்பி?”

“பாட்டு இல்ல சார். ஜாஸ். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கேட்டு அங்கனயே வாசிக்கிறது,” என்றார் ஜோயல்.

“தலைப்பு?”

“வாசிச்சு முடிச்சாத்தான் சார் அது என்னன்னே தெரியும்.”

“இசையமைப்பாளர்?”

செல்வம் சிரித்தார். “பொண்ணு பாக்கவே இன்னும் போகல, அதுக்குள்ள பிள்ளைக்குப் பேரு கேக்குறீங்களேண்ணே.”

அடுத்த கட்டம் மொழி. அதையும் கேட்டேன்.

“கிதாருண்ணே. சரி, தலைப்புக்கு எழுமலை பஸ்ஸுன்னு போட்டுக்கங்க. அதுலதான் நின்னுக்கிட்டே வந்தேன். கிதாருக்கும் ஒரு டிக்கெட் எடுன்னுட்டாரு கண்டக்டரு.”

கேலிப் பெயர்களை ஏற்பதில்லை என்றேன். தலைப்புக் கட்டம் காலியாக இருந்தது.

முதல் ஐந்து நிமிடம் ஸ்ருதி சேர்க்கிறார்கள் என்றே நினைத்தேன். பிறகுதான் பிடிபட்டது. ஜோயல் கட்டைவிரலால் அடித்தந்திகளில் நிதானமாக நடந்துகொண்டிருந்தார். செல்வம் அதன்மேல் ஒரு சொல் சொல்வதுபோல் சொல்லிவிட்டு நிறுத்துவார். நிறுத்திய இடத்தை ஜோயல் உடனே நிரப்ப மாட்டார். கொஞ்சம் விட்டு, கேட்காத கேள்விக்குப் பதில்போல் ஒன்றை வைப்பார். எப்போது இடம் மாறினார்கள் என்று தெரியவில்லை. பார்த்தால் செல்வம் நடந்துகொண்டிருந்தார், ஜோயல் பேசிக்கொண்டிருந்தார்.

நடுவில் ஒருவர் விரல் தடுக்கி ஒரு ஸ்வரம் தப்பாக விழுந்தது. மற்றவர் அதே தப்பைத் தன் கிதாரில் திருப்பி வாசித்தார். மூன்றாம் முறை அது வந்தபோது தப்பாக இல்லை. அதற்காகத்தான் அதுவரை வாசித்துவந்தார்கள் என்று பட்டது. அலுவலகத்தில் நாங்கள் தப்பை அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போடுவோம். தப்பை இப்படியும் கையாளலாம் என்று அன்றுதான் தெரிந்தது. தெரிந்து ஒன்றும் செய்யவில்லை.

3. நடவடிக்கை

மறுநாள் நிலைய இயக்குநர் பதிவை இரண்டு நிமிடம் கேட்டார்.

“டியூனிங் எப்ப சார் முடியும்?”

“இதுதான் சார் நிகழ்ச்சி.”

“எதாச்சும் ஒரு பேரப் போட்டு ஏத்தி விடுங்க சார். மத்தியானம் யாரு கேக்கப் போறா?”

வாசித்தவர்களே தலைப்பை எழுத்தில் தர வேண்டும் என்று அவருக்கு விளக்கினேன். ஜோயலுக்கு ஒரு மின்னஞ்சல், விதிப்படி ஒரு நினைவூட்டல். “யோசிச்சிட்டு இருக்கோம் சார்” என்று பதில் வந்தது. யோசித்து முடிப்பதற்குள் மாதம் முடிந்தது. முதல் வேலை நாளில் ஃபோல்டரைக் காலி செய்து பதிவேட்டில் கையெழுத்திட்டேன். டெலீட்டை அழுத்துமுன் ஒரு கணம் தயங்கினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். தயங்கவில்லை.

4. கோரிக்கை

ஓய்வு பெற்று ஒரு வருடம் கழித்து ஜோயல் போன் செய்தார். உசிலம்பட்டிக்கு அருகே மெல்லிசைக் குழுவின் வேன் கவிழ்ந்திருக்கிறது. செல்வத்துக்கு இடது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

“அந்த ரெக்கார்டிங்க மட்டும் எடுத்துக் குடுங்க சார். அத ஒருதடவ கேக்கணுங்குறான்.”

அழித்ததைச் சொல்ல வாய் வரவில்லை. பார்க்கிறேன் என்றேன். நிலையத்துக்குப் போய் அழிந்த ஃபைல்களை மீட்கிற ஆளை வைத்தும் பார்த்தேன். டிஸ்க்கில் அந்த இடத்தின்மேல் ஒரு வருடத்து விவசாயக் குறிப்புகளும் ஆண்டு விழா உரைகளும் ஏறியிருந்தன. எல்லாவற்றுக்கும் முறையான தலைப்பு இருந்தது.

இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். செல்வத்தின் இடது கை பேன்ட் பைக்குள் இருந்தது. நடந்ததைச் சொன்னேன்.

“பரவால்லண்ணே,” என்றார் செல்வம். “நூறு மேடைல வாசிச்சிருக்கேன், வீடியோவும் கிடக்கு. அதெல்லாம் வேற எவனோ போட்டத அப்படியே வாசிச்சதுண்ணே. நானா வாசிச்சது அது ஒண்ணுதான்.”

பிறகு, “நீங்க கேட்டீங்கள்லண்ணே? எப்படி இருந்துச்சு?” என்றார்.

ஜோயலிடம் கேட்டுக்கொள்ளலாமே என்று அவர் பக்கம் பார்த்தேன்.

“எனக்கு ஒண்ணும் நிக்கல சார்,” என்றார் ஜோயல். “வாசிக்கிறப்ப அடுத்தது எங்க போறதுங்கிறதுதான் மனசுல ஓடும்.”

ஆக அதை முழுதாகக் கேட்டவன் என்று உலகத்தில் இருப்பவன் நான் ஒருவன். அந்தத் தப்பு ஸ்வரத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். “யாரு போட்ட தப்பு? என்ன ஸ்வரம்?” என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார் செல்வம். தெரியவில்லை. முனகிக் காட்டப் பார்த்தேன். என் தொண்டையில் வந்தது ஏதோ ஒரு சினிமாப் பாட்டு.

“நாப்பத்தொரு நிமிஷம் இருபது செகண்டு,” என்றேன். “சத்தம் காட்டுற மீட்டர் ஒரு இடத்துலயும் சிவப்பத் தொடல.”

செல்வம் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

“அம்புட்டுத்தானாண்ணே?”

“அம்புட்டுத்தான் தம்பி.”

இளையவர்களுக்கு இதில் பாடம் என்று ஒன்று உண்டென்றால் அது சிறியது. ஒரு கட்டம் காலியாக இருந்தால், எதிரில் இருப்பவர் சிரித்துக்கொண்டே சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எழுமலை பஸ் என்பது முறையான தலைப்புதான்.