பியூலா டீச்சரின் ஹம்மிங்பேர்ட்

போன வியாழக்கிழமை காலை, இரண்டாம் வகுப்பில் வருகைப் பதிவேட்டைத் திறந்துகொண்டிருந்தேன். ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: "நம் பியூலா டீச்சர் இன்று கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்." படித்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. 'நல்லவேளை, சொல்லிவிட்டேன்' என்ற நிம்மதிதான். இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அஞ்சலிக் கட்டுரையில் பொய் எழுதினால் டீச்சருக்குப் பிடிக்காது.

அவர்களை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பியூலா டீச்சருக்குச் சொந்த ஊர் நாசரேத். தூத்துக்குடியில் ஹார்பருக்குப் போகும் வழியில் உள்ள எங்கள் தொடக்கப் பள்ளியில் நெடுங்காலம் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. கரும்பலகையில் அவர்கள் எழுதினால் அச்சடித்தது போல இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் என் எழுத்தைப் பார்த்துவிட்டு, "ஏளா செல்வி, கோழி கிண்டுன மாதிரில்லா இருக்கு" என்றார்கள். அன்று மதியமே தன் டிபன் டப்பாவைத் திறந்து, பொரித்த மீனில் பாதியை எனக்கு வைத்தார்கள். திட்டும் தீனியும் அவர்களிடம் சேர்ந்தே வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு மூன்றாம் வகுப்பு கொடுத்திருந்தார்கள். டீச்சரிடம் படித்துவிட்டு வந்த பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தும்போது விசித்திரமாக இருந்தது. எல்லா எழுத்துகளும் நெளிந்து நெளிந்து கிடந்தன. ஒரு பிள்ளை என்றால் சரி, வகுப்பே அப்படி. ஒரு சிறுமியிடம் ஏன் இப்படி எழுதுகிறாய் என்று கேட்டேன். "பியூலா டீச்சர் போர்டுல இப்படித்தான் எழுதுவாங்க" என்றாள். டீச்சருக்குக் கை நடுங்க ஆரம்பித்திருக்கிறது. பிள்ளைகள் அந்த நடுக்கத்தையும் விடாமல் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

நான் டீச்சரிடம் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. நேரே தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னேன். பிள்ளைகளுக்காகத்தான் சொன்னேன் என்று எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன். இரண்டாம் வகுப்பின் மேல் எனக்கு ஒரு கண் இருந்ததும் உண்மை. அடுத்த ஜூனில் அந்த வகுப்பு எனக்கே வந்தது. டீச்சருக்கு ஓவிய வகுப்புகள் மட்டும் மிஞ்சின. யார் சொன்னது என்று அவர்கள் யாரிடமும் விசாரிக்கவில்லை. மதியம் வழக்கம்போல மீன் வந்தது. எனக்குத்தான் ஒவ்வொரு வாயும் தொண்டையில் முள்ளாக நின்றது.

கை நடுங்குகிறவருக்கு ஓவிய வகுப்பா என்று சிலர் முணுமுணுத்தார்கள். டீச்சர் முதல் நாளே ஹம்மிங்பேர்ட் என்ற வெளிநாட்டுச் சிட்டை வரையக் கற்றுக்கொடுத்தார்கள். நான் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சாய்வா ஒரு முட்டை போடுங்க. அது மேல புளியங்கொட்டை, அதுதான் தலை. சாளை மீன் முள்ளு மாதிரி நீட்டமா மூக்கு."

"டீச்சர், இது நம்ம ஊர்ல கிடையாதே?" என்றான் ஒருவன்.

"ஏலே, எந்தெந்த நாட்டுக் கப்பலோ நம்ம ஹார்பருக்கு வருது. ஒரு சிட்டு வரக்கூடாதா? சரி, இப்ப றெக்கை. அது அடிக்கிற வேகத்துல கண்ணுக்கே தெரியாது. அதனால பென்சில இறுக்கிப் பிடிக்காதீங்க. கைய ஆட விடுங்க."

டீச்சரின் கை தானாகவே ஆடியது. கரும்பலகையில் அந்தச் சிறகு உண்மையிலேயே அடித்துக்கொண்டது. முட்டையும் கொஞ்சம் நெளிந்துதான் இருந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை.

பிறகு வெளியே ஓர் ஓவியப் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனோம். நடுவராக வந்தவர் எங்கள் மாணவி ஒருத்தியின் தாளைப் பார்த்து, "கோடு சுத்தமா இல்லையே" என்றார். அவள் நிமிர்ந்து, "சார், அது பறக்குல்லா! பின்ன கோடு எப்படி நிக்கும்?" என்று கேட்டாள். பரிசு கிடைக்கவில்லை. டீச்சர் அதைச் சொல்லிச் சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

இந்த ஆண்டு அவர்கள் படுத்த படுக்கையானார்கள். போன மாதம் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். இனியும் தாங்காது என்று தோன்றியது.

"டீச்சர், உங்க கை நடுங்குதுன்னு ஹெச்.எம். கிட்ட சொன்னது நான்தான்."

"தெரியும்ளா. அன்னைக்கே தெரியும்."

"பின்ன ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"மொதல்ல கோவந்தான். இவளுக்கு இனி மீன் குடுக்கக் கூடாதுன்னு கூட நெனச்சேன். பெறவு யோசிச்சா, நானே சொல்லத் தைரியமில்லாம மறைச்சிக்கிட்டு கெடந்தேன். பிள்ளைக எழுத்து கெட்டதுதான் மிச்சம்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "ஆனா எங்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கலாம்ளா" என்றார்கள்.

"ஆமா டீச்சர். தப்புதான்."

"சரி, அழாத. அந்த ஆரஞ்ச உரி."

உரித்தேன். பாதியை என்னிடமே நீட்டினார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அன்றுதான் அவர்கள் கொடுத்தது எனக்குச் சிக்காமல் இறங்கியது.

வெள்ளிக்கிழமை நாசரேத்தில் அடக்கம் முடிந்தது. திங்கட்கிழமை ஓவிய வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். பிள்ளைகள் ஹம்மிங்பேர்டைத்தான் கேட்டார்கள். முட்டை, புளியங்கொட்டை, மூக்கு எல்லாம் போட்டு, இரண்டு சிறகுகளையும் அழகாக, அழுத்தமாக வரைந்து முடித்தேன்.

"டீச்சர், தப்பு" என்றது முன் வரிசை. "றெக்கை நிக்குது. கைய ஆட விடணும்."

அழித்துவிட்டு மறுபடியும் சாக்பீஸை உயர்த்தினேன். கை தானாகவே ஆடியது.

"இப்பதான் சரி" என்றார்கள் பிள்ளைகள்.

போய் வாருங்கள், டீச்சர். நான் இறுக்கிப் பிடிக்கவில்லை.