நான்கு சிவப்புக் கோட்டுகள்

விருத்தாசலத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. பீங்கான் பட்டறையில் நான் ‘மிலிட்டரி’. சண்டை எங்கே போட்டீர்கள் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். நான் சண்டை போடவில்லை. ரெஜிமெண்ட் பேண்டில் டிரம்பெட் ஊதினேன். பேண்டுக்காரர்களுக்கு ஸ்டிரெச்சர் தூக்கவும் பயிற்சி உண்டு. மலையில் அடிபட்ட மூன்று பேரைத் தூக்கி இறக்கியிருக்கிறேன். ஒருவன் பாதி வழியில் பேச்சை நிறுத்திவிட்டான். தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டே கீழே வந்தோம்.

ஓய்வு பெற்றதும் பட்டறையில் சேர்ந்தேன். சூளையில் ஃபியூஸ் கட்டைகளை அடுக்குவதும் இறக்குவதும் வேலை. கல்யாண நாட்களில் ஊரில் உள்ள பேண்டு செட்டோடு ஊதப் போவேன்.

போன மே மாதம் கருவேப்பிலங்குறிச்சி பக்கம் ஒரு கல்யாணம். முந்தின நாள் முழுக்கச் சூளை இறக்கியதில் இடுப்பு பிடித்திருந்தது.

“இன்னிக்கு ஒரு நாளு வரலன்னு சொல்லிடுங்களேன்” என்றாள் மனைவி.

“வேற ஆளு இல்லியாம்” என்று சொல்லிவிட்டு சிவப்புக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

மாதா கோயிலில் பூசை முடிந்து ஊர்வலம் புறப்படும்போது உச்சி வெயில். பெண்ணின் தாய்மாமன் எங்களுக்கு முன்னால் ஆடினார். என் வயதுதான் இருக்கும். பாட்டு முடிகிற ஒவ்வொரு முறையும் கையெடுத்துக் கும்பிட்டு, “நிறுத்தாதீங்க, இன்னும் ஒரு தபா!” என்பார். எனக்கு மூச்சு வாங்கியது. கண்ணை மூடிக்கொண்டு ஊதினேன்.

திறந்தபோது அவர் தரையில் கிடந்தார். அதையும் ஆட்டம் என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். டிரம்பெட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் நெற்றியைத் தொட்டேன். அனலாகக் கொதித்தது. வேர்வையே இல்லை. தெரு முழுக்கக் கார்கள். ஆம்புலன்ஸ் மெயின் ரோடு வரைக்கும்தான் வர முடியும் என்றார்கள்.

“கோட்டக் கழட்டுங்க!” என்று கத்தினேன்.

“எதுக்குண்ணே?” என்றான் டிரம் அடிப்பவன்.

“கழட்டுய்யா!”

பேண்டில் இருந்த எங்கள் நான்கு பேர் கோட்டுகளின் கைகளையும் உள்பக்கமாக இழுத்து, பொத்தான் போட்டோம். வாழ்த்து பேனர் கட்டியிருந்த இரண்டு சவுக்குக் கழிகளைப் பிடுங்கி அந்தக் கைகளுக்குள் நுழைத்தோம். பொண்ணு மாப்பிள்ளை படம் மண்ணில் விழுந்ததைப் பார்த்து ஒரு அம்மாள் என்னைத் திட்டினாள். தாய்மாமனை அதில் கிடத்தித் தூக்கினோம். பேண்டுக்காரர்கள் என்பதால் மற்ற மூவரும் தாளத்துக்கு ஒன்றாகவே கால் வைத்தார்கள். ஸ்டிரெச்சர் ஆடியது.

“சேந்து நடக்காதீங்க. கால மாத்தி மாத்தி வைங்க” என்றேன்.

அவரைத் தூங்கவிடக் கூடாது என்பது ஒன்றுதான் எனக்கு நினைப்பு. “அய்யா, பேசுங்க. உங்க வூடு எங்க இருக்குது? எத்தன புள்ளைங்க?” என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். மெயின் ரோட்டை நெருங்கும்போது உதடு அசைந்தது.

“பாட்ட நிறுத்திட்டாங்களா?” என்றார்.

ஆம்புலன்ஸ் போன பிறகு நான்கு பேரும் ரோட்டோரமாகவே உட்கார்ந்துவிட்டோம். சற்று நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா வந்தார்.

“உசுருக்கு ஒண்ணும் இல்லன்னு போன் வந்துச்சுங்க” என்று தயங்கினார். “பொண்ணும் மாப்பிள்ளையும் வெயில்ல நிக்கிறாங்க. மண்டபம் வரிக்கும் ஊதி உட்டுடுங்க.”

அவரைக் கோபித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. எழுந்துபோய் ஊதினோம். கோட்டுகள் தையல் விட்டிருந்தன. அழுக்குச் சட்டையோடு நடந்தோம். யாரும் ஆடவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்தத் தாய்மாமன், மனைவியோடு பட்டறைக்கு வந்தார். ஆள் இளைத்திருந்தார். ஒரு பை முந்திரிப் பருப்பை என் கையில் திணித்தார்.

“நீங்க பேசிக்கிட்டே வந்தீங்களாமே. எனக்கு ஒண்ணும் நெனவு இல்லைங்க.”

“பரவால்லைங்க. வெயில்ல அலையாதீங்க.”

பேசியதன் காரணத்தையும் சொல்லியிருக்கலாம். மலையில் செத்தவனைப் பற்றி மனைவியைத் தவிர யாரிடமும் நான் சொன்னதில்லை. அவர்கள் ரெண்டு பேரும் வாசலில் நின்று மறுபடியும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த ஞாயிறு ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாணம். பேண்டு மாஸ்டர் போன் செய்தபோது, இந்த ஒரு நாள் வரவில்லை, வேற ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் நம்பவில்லை, இரண்டு தடவை கேட்டார். ஞாயிறு பகல் முழுக்கத் தூங்கினேன். மனைவி சாப்பிடக்கூட எழுப்பவில்லை.